சோறு கம்மி, காசு ஜாஸ்தி: மூன்று மாதம் 'அளவுக் கேரியர்' சாப்பிட்ட அனுபவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லோரும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டி ஆபீசுக்கே அனுப்புகிற மதியச் சாப்பாடுதான் அளவுக் கேரியர், ஒரு நாளைக்கு 110 ரூபாய். திங்கள் முதல் சனி வரை, மாதம் 26 நாள் வைத்துக்கொண்டால் 2,860. அதே சமையல்கட்டிலிருந்து வருகிற சாதாக் கேரியர் 95 ரூபாய்தான், அதில் சோறு இதைவிட இரண்டு மடங்கு இருக்கும். அதாவது பாதிச் சோற்றுக்கு 15 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன். எங்கள் ஆபீசில் இதை வைத்து என்னை ஒரு மாதம் ஓட்டினார்கள்.

கோவை ராம் நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கேரியர் வருவது சிவானந்தா காலனிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து. நடத்துகிற அக்காவின் பெயரையும் எண்ணையும் போடப்போவதில்லை. கேட்டதற்கு, "பேரெல்லாம் போட்ராதீங்க தம்பி, இருக்கற எழுபது கேரியருக்கே ஆள் பத்தல" என்றுவிட்டார். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஆர்டர் பண்ண முடியாது. ஆனால் எல்லா ஊரிலும் இப்போது இப்படி மாதக் கட்டணத்தில் மதியச் சாப்பாடு அனுப்புகிறார்கள், அதில் எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு இது உதவும்.

இதற்கு முன்னால் நான் எப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னால்தான் மற்றது புரியும். காலை ஆறரைக்கு ஒரு காபி. பையனைக் கிளப்பி ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எட்டரைக்கு வண்டியை எடுத்தால் காந்திபுரம் சிக்னல்களைத் தாண்டி ஆபீஸ் வந்து சேர ஒன்பதேகால் ஆகிவிடும். காலை டிபன் என்று ஒன்று என் வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருந்தது. பதினோரு மணிக்குப் பசி கிள்ள ஆரம்பித்ததும் கீழே பேக்கரியில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன், கிளையண்ட் யாராவது கூட இருந்தால் இரண்டு பஜ்ஜி. அப்புறம் ஒன்றே முக்காலுக்கு மெஸ்.

மெஸ் சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை இத்தனை வருடம் கவனிக்காமலே சாப்பிட்டிருக்கிறேன். இலையில் பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி. ஆனால் குழம்பு நாலு வகை. பருப்பு நெய்க்கு ஒரு சோறு, சாம்பாருக்கு ஒரு சோறு, வத்தக்குழம்பை விட மனசில்லாமல் அதற்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, கடைசியில் மோருக்கு 'கொஞ்சமா போடுங்க' என்று சொல்லி ஒரு பெரிய கரண்டி. நாம் பசிக்குச் சோறு வாங்குவதில்லை, குழம்புக்கு வாங்குகிறோம். அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு வேறு போட்டிருக்கும்போது கொடுத்த காசுக்குச் சாப்பிடாமல் எழுந்தால் நமக்கே அவமானமாக இருக்கும்.

அதற்கப்புறம் மூன்று மணி. எங்கள் வேலை என்னவென்றால், ஒரு பக்கம் ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்த 2பி (விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து தானாக வருகிற பட்டியல்), இன்னொரு பக்கம் கிளையண்டின் கொள்முதல் பதிவேடு, இரண்டையும் வரி வரியாக ஒத்துப் பார்த்து ஐடிசி, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைக்கிற கழிவு, சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். 14ஆம் தேதி 2பி வரும், 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும், நடுவில் இருக்கிற ஆறு நாளில் அறுபது கிளையண்ட். அந்த நேரத்தில் எக்செலில் எண்கள் மிதக்கும். தூங்கிவிட்டால்கூடப் பரவாயில்லை, கண்ணைத் திறந்துகொண்டே ஒரே வரியை நாலு தடவை படிப்பேன். போன மே மாதம் 1,08,000 என்பதை 1,80,000 என்று அடித்துவிட்டு அடுத்த கிளையண்டுக்குப் போய்விட்டேன். தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே சார் கண்டுபிடித்தார். எதுவும் திட்டவில்லை. "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

எங்கள் ஆபீசில் ஒரு அக்கா ஏற்கெனவே இந்தக் கேரியர் வாங்கிக்கொண்டிருந்தார், அவர் சொல்லித்தான் ஜூலையில் சேர்ந்தேன்.

நாலடுக்குக் கேரியர். அடியில் சோறு, ஒரு டம்ளரால் அளந்து கவிழ்த்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் புழுங்கலரிசி. இரண்டாவது அடுக்கில் ஒரே ஒரு குழம்பு, அதுவும் பருப்போ பயறோ கெட்டியாக இருக்கிற குழம்பு. மூன்றாவது அடுக்கு முழுக்கப் பொரியல், அடுக்கு முழுக்க என்றால் நிஜமாகவே மூடி திறந்ததும் பொங்குகிற அளவுக்கு. மேலடுக்கில் சுண்டலோ, கூட்டோ, முட்டையோ. கூடவே ஒரு சின்ன பாட்டிலில் மோர். ஊறுகாய், அப்பளம் கிடையாது. திங்களன்று கொள்ளுப் பருப்பும் செலவு ரசமும் (மிளகு, சீரகம் மாதிரி சாமான்களை எங்கள் பக்கம் 'செலவு' என்போம்), செவ்வாய் கீரைக் கடைசல், புதன் அரிசிம்பருப்புச் சாதம், வியாழன் சாமையோ வரகோ, வெள்ளி சாம்பார், சனி முட்டைக் குழம்பு. அசைவம் இவ்வளவுதான்.

ருசி? கொள்ளுப் பருப்புக்கு நான் சொத்தையே எழுதி வைத்துவிடுவேன். கொள்ளை நன்றாக வேகவிட்டு, சீரகமும் வரமிளகாயும் பூண்டும் சேர்த்து ஆட்டிக் கடைந்து அனுப்புகிறார், அதன் தண்ணீரில்தான் ரசம். கொங்கு நாட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசிம்பருப்பும் அப்படித்தான், தேங்காய்ப் பல்லும் பூண்டும் வாயில் அகப்படும். அன்றைக்கு மட்டும் அளவுக் கேரியர் என்பது எனக்குத் தண்டனையாகத் தெரியும்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேரியர் அக்காவிடம் ஒரு நாள் போனில் கேட்டேன். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தபோது ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதாம், தட்டில் பாதி காய் இருக்கணும், மீதிப் பாதியில் சோறும் பருப்பும் பங்கு போட்டுக்கணும் என்று. "அவருக்குத் தனியா, மத்தவங்களுக்குத் தனியான்னு எத்தன நாளைக்கு ஆக்கறது? அதையே ஒரு கேரியரா போட்டுட்டேனுங்க." ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் ஏறக்குறைய இதேதான் இருக்கிறது. தட்டில் பாதி காயும் பழமும், மொத்த சக்தியில் தானியத்திலிருந்து வருவது 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், 2,000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய். நானூறு கிராம் என்றால் எவ்வளவு என்று ஒரு நாள் உழவர் சந்தைத் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸில் எனக்கு வைத்த பொரியல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை, அந்த நிறுவனம் பிறந்ததே நமக்குப் பக்கத்தில்தான். 1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். அது வளர்ந்து 1958ல் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி எதனால் வருகிறது என்று பார்த்தால் மறுபடியும் சோறுதான். அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்கிற பி1 வைட்டமின் போய்விடுகிறது. சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு சக்தியாக மாற்றுவதற்கே அந்தத் தயமின் வேண்டும். புழுக்கும்போது அது அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுவதால் புழுங்கலரிசியில் கொஞ்சமாவது மிஞ்சும். ஆக, எரிக்க வேண்டிய அடுப்பைப் பிடுங்கிவிட்டு விறகை மட்டும் வண்டி வண்டியாக இறக்கினால் என்ன ஆகும் என்பதை நூறு வருடத்துக்கு முன்னால் குன்னூரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இன்றைக்குப் பெரிபெரி அபூர்வமாகிவிட்டது. மூன்று மணிக்கு எக்செல் மிதக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கேரியருக்கு வருவோம். முதல் பத்து நாள் படு மோசம். ஒன்றரைக்குச் சாப்பிட்டால் நாலு மணிக்கு மறுபடி பசி. நேராகப் பேக்கரிக்குப் போய் முட்டை பப்ஸும் டீயும். காசுக் கணக்குப் பார்த்தால் 110 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு மேல் தினமும் 45 ரூபாய் பப்ஸ் செலவு. பத்தாவது நாள் கோபத்தோடு அக்காவுக்குப் போன் போட்டு, சோறு பத்தவில்லை, சாதாக் கேரியருக்கே மாற்றிவிடுங்கள் என்றேன்.

"காலைல என்னங்க சாப்டீங்க?"

"ஒன்னும் சாப்பிடலீங்க்கா, காபிதான்."

"நேத்து?"

"நேத்தும்தாங்க."

"ஏனுங்க தம்பி, காலைல பட்டினி கெடந்துட்டு மத்தியானம் என்ற கேரியரைக் கொற சொல்றீங்களே."

ரெண்டு நாள் எனக்கு இது உறைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் சங்கிலி முழுக்கத் தெரிந்தது. காலையில் ஒன்றும் இல்லாததால் பதினோரு மணிக்குப் பன். மைதாவும் சர்க்கரையும் என்பதால் அது ஒரு மணி நேரத்தில் கரைந்து, மெஸ்ஸுக்குப் போகும்போது மலையைச் சாப்பிடுகிற பசி. மலையைச் சாப்பிட்டதால் மூன்று மணிக்குத் தலை கிறங்கல். கிறங்கியதால் நாலரைக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி. அந்தக் காபியால் ராத்திரி பன்னிரண்டு வரை முழிப்பு, காலையில் எழ முடியாமல் அவசரம், டிபனுக்கு நேரமில்லை. நான் மதியச் சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தேன்.

காலையில் சமைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை, மனைவியும் எட்டரைக்குக் கிளம்புகிறவர்தான். அதனால் பெரிய ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை. முந்தின நாள் ராத்திரி வேகவைத்து வைத்த இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும், இல்லையென்றால் இரண்டு இட்லி, ஒரு கை வேர்க்கடலை. வாரத்தில் இரண்டு நாள் வழியில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ், கூடச் சின்ன வெங்காயம். அவ்வளவுதான். பதினோரு மணிப் பன் தானாக நின்றது. ஒன்றரைக்கு அதே கேரியர் அதே அளவில் வந்தது, வயிறு நிறைந்தது.

இதை எல்லாம் என் மனைவி கேட்டுவிட்டு, "இதையேதான் நான் கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன். 2,860 ரூபா குடுத்தாத்தான் காதுல ஏறும்போல" என்றாள். பதில் இல்லை.

அப்போ தூக்கம் போய்விட்டதா? முழுக்கப் போகவில்லை, போகாது. மதியம் இரண்டு மணியை ஒட்டி உடம்புக் கடிகாரமே ஒரு சரிவு வைத்திருக்கிறது, சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். வயிறு நிறைய மாவுச்சத்தை ஏற்றினால் அந்தச் சரிவு பள்ளமாகிறது, அதுதான் வித்தியாசம். சாப்பிட்டால் ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும், மூளைக்கு ரத்தம் பத்தாமல்தான் தூக்கம் என்று எங்கள் ஆபீசில் ஒரு தியரி உண்டு. மூளைக்குப் போகிற ரத்தத்தை உடம்பு அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காது. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை, ஓய்வாக இருக்கும்போதுகூட உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. இப்போது எனக்குத் தூக்கம் இரண்டரை வாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, முன்பு மாதிரி நாற்காலி போட்டு உட்காருவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாத 3பி வேலையிலும் மதியத்துக்கு மேல் செய்த கோப்புகளைச் சார் திருப்பி அனுப்பியது ரொம்பக் குறைவு. இது கேரியரால் மட்டும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், அந்த மாதங்களில் காபியையும் கொஞ்சம் மாற்றினேன்.

காபி பற்றி அதே வழிகாட்டியில் இருப்பது: 150 மில்லி டிக்காஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன், ஒரு நாளைக்கு 300ஐத் தாண்ட வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி டீ வேண்டாம், ஏனென்றால் அதில் உள்ள டானின் சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரைக் கடைசலைச் சாப்பிட்டுவிட்டு உடனே டீ குடித்தால் செவ்வாய்க்கிழமைக் கேரியருக்குக் கொடுத்த காசு பாதி வேஸ்ட். குடித்த கஃபீனில் பாதி போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆகையால் நாலரைக் காபி ராத்திரி ஒன்பதரைக்கும் பாதி உயிரோடு இருக்கிறது. இப்போது கடைசிக் காபி மூன்று மணிக்குள். இந்த ஒன்றை விட்டதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சாப்பிடுகிற வரிசையையும் மாற்றிப் பார்த்தேன். பொரியலையும் சுண்டலையும் பாதி முடித்துவிட்டு அப்புறம் சோற்றைத் தொடுவது. சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்க இது உதவும் என்பது நிஜம்தான், ஆனால் சோறில்லாமல் பீட்ரூட் பொரியலை வெறுமனே தின்கிறவனை ஆபீசில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவைச் சுற்றி நடப்பது அதைவிடச் சுலபம், வெயில் காலத்தில் எப்படிச் செய்வேன் என்று தெரியவில்லை.

இனி குறைகள். கொஞ்சம் நிறையவே இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல். அளவுக் கேரியர் என்று பெயர் வைத்துவிட்டு, காய் அடுக்கில் உருளைக்கிழங்கை நிரப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? அது காய் கணக்கில் வராது, சோற்றின் தம்பி. மூன்று மாதத்தில் ஏழு வெள்ளிக்கிழமை இதே கதை.

வியாழக்கிழமை சாமை பெரும்பாலும் குழைந்து கூழாகத்தான் வந்தது. சிறுதானியம் என்றாலே அளவில்லாமல் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மந்திரம் ஒன்றும் அதில் கிடையாது, தீட்டிய சாமையைக் குழைய வேகவைத்தால் அதுவும் வேகமாகத்தான் செரிக்கும். உதிரி உதிரியாக வந்த இரண்டு வியாழனில் நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் செலவு ரசம் ஒழுகி, மேஜையில் இருந்த ஒரு கிளையண்டின் கொள்முதல் பில் கட்டு முழுக்க நனைந்தது. மிளகு வாசத்தோடு ஃபேனுக்கு அடியில் காய வைத்து ஸ்கேன் பண்ணினேன். கேரியரின் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. சொன்ன மறுநாளே மாற்றிக் கொடுத்தார், ஆனால் சொன்னால்தான் மாற்றுகிறார்கள்.

மழை வந்தால் வண்டி தாமதம், இரண்டே கால்வரை போயிருக்கிறது. விடுப்பு என்றால் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், தவறினால் காசு போனது போனதுதான். செப்டம்பர் தணிக்கை சீசனில் திடீர் திடீரென்று திருப்பூர், பொள்ளாச்சி என்று அனுப்பிவிடுவார்கள், எனக்கு அப்படி ஒன்பது நாள் கேரியர் வீணானது. வீணானது என்றால் ஆபீஸ் பையன் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டுவிட்டு, "இது டிபனாண்ணா, சாப்பாடாண்ணா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இந்த அளவு நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற ஆளுக்கானது. எங்களுக்குக் கேரியர் கொண்டுவருகிற தம்பி நாற்பது இடத்து மாடிப்படிகளை ஏறி இறங்குகிறவன், அவன் சாப்பிடுவது சாதாக் கேரியர்தான், அதிலும் சோறு கூட வாங்கிக்கொள்வான். இன்னொன்று, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுத் திடீரென்று சோற்றைப் பாதியாக்க வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதியது, சர்க்கரை இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேறு இடத்தில் இப்படிச் சேவை தேடுகிறவர்கள் ஆரோக்கியம், டயட், ஆர்கானிக் என்று ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். ஒரு நாள் சாம்பிள் வாங்கி எல்லா அடுக்கையும் ஒரே தட்டில் கொட்டுங்கள். சோறு எவ்வளவு இடம் பிடிக்கிறது, பருப்போ முட்டையோ எவ்வளவு, காய் எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இங்கே ஒரு பெரிய ஆப்பில் 'ஃபிட்னெஸ் பவுல்' என்று 260 ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் பார்த்தேன், கொட்டினால் முக்கால் தட்டு பாஸ்மதி அரிசி.

அக்டோபருக்கும் காசு கட்டிவிட்டேன். கட்டும்போது அந்த உருளைக்கிழங்கு விஷயத்தையும் சொன்னேன். "வெள்ளிக்கெழமை ஒன்னாவது எல்லாரும் சந்தோசமா சாப்பிடட்டும்னு போடறதுங்க. சரி, பாக்கலாங்க" என்றார்.

இந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது அடுக்கைத் திறந்தேன். உருளைக்கிழங்கு வறுவல்தான். எனக்காகவோ என்னவோ, நடுநடுவே பீன்ஸ் நறுக்கிப் போட்டிருந்தார்.